விரலில் சுற்றிய நூல்

மட்டாஞ்சேரியில் தீயணைப்பு நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தீக்காக வருவதில்லை. கழற்ற முடியாத மோதிரத்தோடு வருகிறார்கள். விரல் வீங்கினால் தட்டானிடம் போகாமல் எங்களிடம் வருவது இங்கே வழக்கம். புகை மண்டிய கிடங்குக்குள் நான் குழாயோடு நுழைந்ததையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நிலையத்தில் எனக்குப் பெயர் மோதிரக்காரி.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். ஈரக் கையோடு போனால், பெஞ்சில் விரல் வீங்கி அம்மா. பக்கத்தில் தம்பியின் புது மனைவி.

அவளைப் போனில் படமாகத்தான் பார்த்திருந்தேன். நான் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. கால்சட்டை போட்டு ஆண்களோடு ஏணி ஏறுகிறவளின் தம்பிக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவள் கவலை. பெண் வீட்டாரிடம் நான் பெங்களூரில் ஆபீஸ் வேலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. அம்மா வீடு பக்கத்தில் பள்ளுருத்தியில், பஸ் ஏறினால் வந்துவிடும். நான் எந்த நிலையத்தில் இருக்கிறேன் என்றுகூட அம்மா கேட்டதில்லை. அதனால்தான் வந்து மாட்டிக்கொண்டாள்.

ஒரு கணம்தான் தடுமாறினாள்.

“மோளே, இதொந்நு ஊரித் தரணே” என்றாள். இதைக் கொஞ்சம் கழற்றிக் கொடு என்று, முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல, மலையாளத்தில். வீட்டில் நாங்கள் தமிழைத் தவிர வேறு பேசியதில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளாமல் அவள் கையை வாங்கிக்கொண்டேன்.

வெட்டினால் ஒரு நிமிஷ வேலை. அப்பா போட்ட மோதிரம், மனம் வரவில்லை. நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்தேன். மறுமுனையால் கணுவைத் தாண்டி விரலை இறுக்கிச் சுற்றினேன். அடிமுனையைப் பிடித்துப் பிரித்தால் மோதிரம் தானாக ஏறி வரும்.

“மெள்ளடீ, வலிக்கறது!”

தம்பி மனைவி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யூனிஃபார்ம் போட்ட அந்நியப் பெண்ணை யாரும் டீ போட்டுப் பேசுவதில்லை. இப்போதாவது ‘இவள் என் பெண்’ என்று சொல்லிவிடுவாள் என நூல் முனையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நூலைப் பிரித்தேன். மோதிரம் என் உள்ளங்கையில் விழுந்தது.

“வலிய உபகாரம், மோளே.”

ரொம்ப உபகாரம் மகளே என்று, மறுபடியும் மலையாளம். மோதிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். கேட்டருகே தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை.

அவசரப்பட்டுப் பிரித்துவிட்டேன். இன்னும் நாலு சுற்று சுற்றியிருந்தால், இன்னொரு தடவை என்னை டீ போட்டுத் திட்டியிருப்பாள்.