வெயிலில் வைக்கச் சொன்ன அம்மா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, செய்வினை இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. கைலாசபுரத்தில் குடியிருக்கிறேன், தொழிற்சாலையில் வெல்டிங் சோதிக்கிற வேலை. இரும்புக்குள் விரிசல் இருக்கிறது என்று கருவி சொன்னால்தான் நம்புவேன், பக்கத்தில் நிற்கிறவர் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து போயிருப்பேன், அதனால் நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன்.

என் மனைவி வைதேகிக்கு இரண்டாவது பெண் பிறந்ததற்கு அப்புறம் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. வந்தால் தரையில் சுருண்டு படுத்துக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். டாக்டர் அழுத்திப் பார்த்தால் வயிறு பஞ்சு மாதிரி இருக்கும், ஸ்கேனில் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஒருவர் அல்சர் என்றார், ஒருவர் குடல்வால் என்று அறுத்தே எடுத்துவிட்டார், அதற்கப்புறமும் வலி வந்தது. கடைசியாகப் பார்த்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதும் பிரச்சினையா சார்? மனசுதான் சில நேரம் வயித்து வலியா வரும்" என்றார். குவார்ட்டர்ஸில் சிலர் மண்ணச்சநல்லூர் பக்கம் மந்திரிக்கிறவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். நான் அவர்களோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருடம் வைகுண்ட ஏகாதசிக்கு வைதேகி ஸ்ரீரங்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மாமியார் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மாமனார் காலமான பிறகு உத்தர வீதியில் தனியாக இருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து உபவாசம் இருந்தார்கள், தண்ணீர்கூடப் பல்லில் படாமல். மறுநாள் விடிந்ததும் மாமியாரிடமிருந்து போன். "மாப்பிள்ளை, சீக்கிரம் வாங்கோ. வைதேகி துடிச்சுண்டிருக்கா, என்னால பாக்க முடியலை."

கூட்டத்துக்காகப் போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படியோ காவிரிப் பாலம் தாண்டி, புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். குடல் அடைப்பாக இருக்கலாம், வாய்வழியாக ஒன்றும் தரக்கூடாது, சலைன் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். வலி குறையவே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கைகால் தளர்ந்துகொண்டே வந்தது. அப்புறம் பேச்சு மாறியது. அறையின் மூலையைக் காட்டி, "அவங்க நிக்கிறாங்க பாருங்க, உக்காரச் சொல்லுங்க" என்றாள். அங்கே யாரும் இல்லை. ரத்தத்தில் உப்பு இறங்கியிருக்கிறது, அதில் இப்படிப் பேசுவார்கள் என்று நர்ஸ் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் கையில் மயிர்க்கால் சிலிர்த்துக்கொண்டதை நான் மறைக்கவில்லை.

சர்ஜன் வந்து பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல வயித்தைத் திறந்து பாத்துடுவோம், வேற வழி தெரியலை" என்றார். தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

மாமியார் குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம், நல்ல வெளிச்சம், வராந்தாவில் சாப்பாட்டுக் கேரியரோடு ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். இருட்டு, நாய் ஊளை அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வைதேகி மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார்.

ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லி. வெளுத்துப்போன பச்சை நூல் சேலை, காதோரம் நல்ல நரை. கால்களைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தார். கைகள் இரண்டும் மணிக்கட்டிலிருந்து துணி மாதிரித் தொங்கின. பக்கத்து அறை நோயாளிக்குத் துணையாக வந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"புள்ளைக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா தம்பி?" என்றார்.

"ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"பட்டினிதான் அவளைக் கொல்லுது." கோபமே இல்லாமல், மழை வரப்போகிறது என்பது மாதிரிச் சொன்னார். "என்னையும் இப்படித்தான் போட்டு வச்சாங்க. அப்புறம் வயித்தைக் கிழிச்சாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல தம்பி."

யாரம்மா நீங்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை, இன்றைக்கு வரைக்கும் அதுதான் எனக்குப் புரியவில்லை. கட்டிலுக்குக் கீழே மாட்டியிருந்த சிறுநீர்ப் பையை அவர் குனிந்து பார்த்தார்.

"அந்த ஜன்னல் திரைய விலக்குங்க. வெயில் அது மேல விழட்டும். அப்புறம் டாக்டரக் கூப்பிட்டுக் காட்டுங்க. என்னோடது ஜன்னல்ல கறுத்துக் கெடந்துச்சு, ஒருத்தரும் பாக்கல."

"நீங்களே விலக்கியிருக்கலாமே" என்று ஏதோ உளறினேன். அவர் தொங்குகிற தன் கைகளை என்னிடம் காட்டினார், அவ்வளவுதான். நான் எழுந்து போய்த் திரையை விலக்கினேன். குழாயைக் கழற்றாமல் பையை வெயில் விழுகிற பக்கம் மாட்டி வைத்தேன். திரும்பும்போது அவர் வைதேகியின் நெற்றியைத் தொட முயன்றுகொண்டிருந்தார். கை மேலே எழவில்லை. அதனால் முழு உடம்பையும் வளைத்து, தன் கன்னத்தை அவள் நெற்றியில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். வைதேகியின் முனகல் நின்றது.

யாரோ ஒரு தாய்மனசு என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு உட்கார நாற்காலி எடுக்க வராந்தாவுக்குப் போனேன். கதவுக்கு வெளியேதான், கை நீட்டினால் எட்டுகிற தூரம். திரும்பி உள்ளே வந்தால் அறையில் வைதேகி மட்டும்தான் இருந்தாள். வெளியே போக அந்த ஒரு கதவுதான், அதில் நான்தான் நின்றிருந்தேன்.

பாத்ரூமைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்புறம் தூக்கமில்லாததுதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற நேரத்தில் பையைப் பார்த்தேன். நாவல்பழத்தைப் பிழிந்து ஊற்றின மாதிரி, கறுஞ்சிவப்பு.

டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் படித்து முடித்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது. நான் கூப்பிட்டதும் சலிப்போடுதான் வந்தார். பையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது காலைல என்ன கலர்ல இருந்துச்சு?"

"சாதாரணமாத்தான் இருந்துச்சு. வெயில் பட்டதுக்கு அப்புறம்தான்..."

"வெயில்ல வைக்கச் சொல்லி யாரு உங்ககிட்ட சொன்னாங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, சர்ஜனுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடினார். ஆபரேஷன் நின்றது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாம்பிளை வெளிச்சம் படாத டப்பாவில் அடைத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது போர்ஃபிரியா என்றார்கள். ரத்தத்தைச் சிவப்பாக்குகிற பொருளை உடம்பு தயாரிக்கும்போது நடுவில் ஒரு படி பழுதாகி, பாதி வெந்த சமையல் மாதிரி ஏதோ தேங்கிப்போய் நரம்பைத் தாக்குமாம். வலி வயிற்றில், நோய் வயிற்றில் இல்லை. பட்டினி கிடந்தால் அது மூர்க்கமாகுமாம், சில மருந்துகளும் கூடாதாம். பிரமை தட்டுவதும் அதில் ஒரு அறிகுறிதானாம்.

வைதேகி பிழைத்துக்கொண்டாள். டம்ளரைத் தானே தூக்கிக் குடிக்கப் பல மாதம் ஆயிற்று, ஆனால் பிழைத்துக்கொண்டாள். நினைவு தெளிந்ததும் மூலையில் நின்றவர் எப்படி இருந்தார் என்று மெதுவாகக் கேட்டேன்.

"பச்சை சேலை. கைய இப்படித் தொங்கப் போட்டுட்டு இருந்தாங்க" என்று அவள் செய்து காட்டினாள்.

அந்த டாக்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு வந்தது பிரமைன்னு சொல்லிடலாம் சார். உங்களுக்கு?" என்று எனக்கும் எல்லாச் சோதனையும் செய்தார். உப்பு, சர்க்கரை, எல்லாம் சரியாக இருந்தன. அப்புறம், "இது பரம்பரையா வர்றது. அவங்க அம்மா வழியிலயோ அப்பா வழியிலயோ யாருக்காவது இருந்திருக்கணும், விசாரிங்க" என்றார்.

விசாரிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வைதேகி என் மாமியார் பெற்ற பெண் இல்லை, கைக்குழந்தையில் தத்து எடுக்கப்பட்டவள். அது வைதேகிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பெற்றவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போய் மாமியாரிடம் கேட்டேன். அறைக்கு வந்தவரைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"எனக்குக் கர்ப்பம் கலைஞ்சு பெரியாஸ்பத்திரியில கெடந்தேன். பக்கத்துப் படுக்கையில ஒரு பொண்ணு, கைக்கொழந்தையோட. வயத்துவலின்னு சேத்திருந்தா. பாக்கக்கூட ஒருத்தரும் வரலை. கைய தூக்கவே முடியாது அவளுக்கு. கொழந்தை அழுதா நான்தான் எடுத்து அவ மார்ல போடுவேன். ஆசையா ஒரு தடவை தடவிப் பாக்கக்கூட முடியலியேம்பா. கன்னத்தை மட்டும் கொழந்தை தலைல வெச்சுண்டிருப்பா."

"அப்புறம் அத்தை?"

"டாக்டர்கள்லாம் வயத்தைக் கிழிச்சுப் பாத்தா. ஒண்ணும் இல்லைன்னுட்டா. ரெண்டு நாள்ல அவ போயிட்டா. நானும் அவரும் கொழந்தையை முறைப்படி எழுதி வாங்கிண்டோம்."

அதற்கு மேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கைகள், இழுத்து நடந்தது, கன்னத்தை வைத்தது. மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐம்பது வயது தாண்டிய அம்மா, காதோரம் நரைத்திருந்தது என்று நான் சொன்னதும் அழுகை சட்டென்று நின்றது. என்னையே பார்த்தார்.

"நரையா? மாப்பிள்ளை, அவ சாகறச்சே இருபது வயசுகூட ஆகலை."

இரண்டு பேரும் மனதுக்குள் ஒரே கணக்கைப் போட்டோம். அவர் உயிரோடு இருந்திருந்தால் இப்போது என்ன வயதோ, சரியாக அந்த வயதில்தான் என் முன்னால் நின்றிருந்தார்.

செத்தவர்கள் வந்தார்கள் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன வயதிலேயே, அதே முகத்தோடேயே வந்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். இவர் இத்தனை வருடமும் எங்கே இருந்து வயதானார்? அந்த வலியோடேயேவா? இதை வைதேகியிடம் இன்னும் சொல்லவில்லை. புத்தூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் என்னையறியாமல் கூட்டத்தில் தேடுகிறேன். அந்தப் பச்சைச் சேலைக்காரரைத் தேடுவதில்லை. இதற்குள் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக நரைத்திருக்கும் ஒருவரைத் தேடுகிறேன்.