ஹெலிகாப்டருக்கு வைத்த பொட்டு

1. ராஜபாளையத்தில் ஒரு மில் மைதானத்தில் நின்ற ஹெலிகாப்டரைக் கழுவித் துடைத்தேன்.
2. கழுவுவதற்காகப் போட்டிருந்த மூடிகளை எல்லாம் எடுத்து, எண்ணி வைத்துவிட்டு, கை கழுவப் போனேன்.
3. அந்த இடைவெளியில் மம்சாபுரத்திலிருந்து என் மதினி, அண்ணன் மனைவி, என்னைப் பார்க்க வந்தார்.
4. மணமக்கள் ஏற வந்தார்கள்.
5. ஹெலிகாப்டர் பறக்கவில்லை.

எழுதினால் ஐந்து வரிதான். அந்தப் பொட்டை எந்த எண்ணில் போடுவதென்று தெரியவில்லை.

மில் முதலாளி வீட்டுக் கல்யாணம். மணமக்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வானத்தில் ஒரு சுற்றுக் காட்ட எங்கள் கம்பெனி ஹெலிகாப்டரை அமர்த்தியிருந்தார்கள். அதைப் பராமரிக்கும் இன்ஜினியராக நானும் கூட வந்திருந்தேன். இறங்கியபோதே அதன் உடம்பெல்லாம் செம்மண், அதன்மேல் மில்லின் பஞ்சுத் தூசி. ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். கார் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரே பட்டால் மயிரிழைபோல் விரிசல் விடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தண்ணீரை ஓடவிட்டு, வெறுங்கையால் மண்ணைத் தள்ளினேன். அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. கதவு ரப்பரின் மடிப்பில் அடைந்த பஞ்சை விரலால் எடுத்தேன்.

ஹெலிகாப்டரின் இரண்டு பக்கமும் காசு அளவில் ஒரு வட்டத் தகடு உண்டு. அதில் ஊசித் துளைகள். அவற்றின் வழியே உள்ளே போகும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் பறக்கும் உயரத்தையும் வேகத்தையும் கருவிகள் காட்டும். துளைக்குள் தண்ணீர் போகாமல் இருக்கத்தான் கழுவும்போது மூடி போடுவது.

கை கழுவிவிட்டு வந்தேன். பைலட் மணமக்களை அழைத்துக்கொண்டு பந்தலிலிருந்து வந்துகொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை ஹெலிகாப்டரைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினேன். இடது பக்கத் தகட்டில் சந்தனம், நடுவில் குங்குமம். துளைகளே தெரியவில்லை.

பக்கத்தில் மதினி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். இன்ஜினியர் வீட்டு ஆள் என்றதும் வாட்ச்மேன் உள்ளே விட்டிருக்கிறார்.

“ஏட்டி, எம்புட்டுப் பெரிய வண்டியக் கழுவியிருக்க! வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மாட்ட.”

“மதினி, இங்க என்ன வச்சீய?”

“பொட்டுதான். வண்டிக்குப் பொட்டு வைக்காம அனுப்புவாகளா? எங்க வைக்கன்னு செத்த நேரம் சுத்திப் பார்த்தேன். வட்டமா, அளவா, இதுக்குன்னே எடம் விட்டிருக்கான்.”

ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் காற்று வாங்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

“இந்த ஒண்ணுதானே மதினி?”

“ஒத்தப் பொட்டா வைப்பாக? அந்தப் பக்கமும் வச்சிருக்கேன். காத்துல உதிரக் கூடாதுன்னு நல்லா அமுக்கித்தான் வச்சேன்.”

மேற்கே மலையைப் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. அதன் அருகே பறந்திருந்தால், உயரம் காட்டும் முள் தரை அளவிலேயே நின்றிருக்கும். நான் ஓடிப்போய் பைலட்டை மறித்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டார்.

“சந்தனந்தானம்மா, தொடச்சுட்டுக் கெளம்புங்க” என்றார் பெண்ணின் அப்பா.

“உள்ள குழாய்க்குப் போயிருக்கலாம் சார். சோதிக்கிற கருவி சென்னையில இருக்கு.”

“நல்லதுக்குத்தான வச்சேன்” என்றார் மதினி. அவர் குரல் இறங்கிவிட்டது.

மணமக்கள் காரில் போனார்கள். கருவி வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டதால், ஹெலிகாப்டர் இரண்டு பொட்டோடும் மைதானத்தில் நிற்கிறது. மதினி மம்சாபுரத்துக்குப் போய்விட்டார். அவருக்கு நான் போன் செய்தால் அண்ணன்தான் எடுக்கிறான்.