பொடிக்காரர் அளந்த இடம்

என் மாமனாரை எல்லோரும் "பொடிக்காரர்" என்றுதான் கூப்பிடுவார்கள். பூச்சி மருந்துக் கிடங்கில் பி.எச்.சி. பொடி மூட்டைகளோடு முப்பது வருஷம் கிடந்தவர். மூக்குக்கு ஒன்றும் தப்பாது. நான் பால் அடிபிடிக்கவிட்டால் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். மனுஷனா மோப்பநாயா என்று எரிச்சல்பட்டிருக்கிறேன்.

மகள் வீட்டிலிருந்தவர், எனக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் எங்கள் புது வீட்டுக்கு முதன்முறையாக வந்தார். வந்ததும் வராததுமாகக் குளியலறை வாளியில் குனிந்து மோந்தார்.

"தண்ணி எங்கேர்ந்து வருதும்மா?"

"போர்த்தண்ணி மாமா. ஏன், அதுவும் உங்க மூக்குக்கு ஆகலையா?"

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனார். பின்தெருவில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் தூணிலிருந்து குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட, அடி அடியாக அளந்துகொண்டே வந்தார். வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். எங்கள் போர்க்குழாயருகே நின்று, அப்படியே குந்திவிட்டார்.

"எழுபத்திரண்டு. இதே இடந்தாம்மா."

பிறகுதான் சொன்னார். அந்தப் பொடியைத் தடை செய்தபோது, சோதனைக்கு ஆள் வருவதற்குள் மூட்டைகளை ஒழித்துவிடு என்றாராம் மேலதிகாரி. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் புதைத்திருக்கிறார். மறக்காமலிருக்கத் தூணிலிருந்து அளந்தும் வைத்தார். கிடங்கை இடித்து மனை போட்டதில் இடமே அடையாளம் தெரியவில்லையாம்.

"இருபது வருஷமாச்சே மாமா, மக்கியிருக்கும்ல?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மக்காதாம். தண்ணில எறங்கும். குடிச்சா உடம்புக் கொழுப்புல தங்கிடும். தாய்ப்பால்லகூட..."

சுமந்த பத்து மாதமும் அந்தத் தண்ணீர். பெற்ற பிறகும் அதேதான்.

"இத்தனை வருஷம் வாய்ல பூட்டா போட்டிருந்தீங்க? யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"பென்ஷன் போயிடும்னு பயந்தேம்மா." தலையை நிமிர்த்தவேயில்லை.

உள்ளே குழந்தை பசிக்கு அழுதது. ஓடிப் போய் எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கலாமா, கூடாதா? யாரைக் கேட்பேன் இப்போது? அவள் வாயைத் திறந்துகொண்டு நெஞ்சில் முட்டினாள். ரவிக்கைக் கொக்கியில் வைத்த கை அவிழ்க்க மாட்டேன் என்றது.