எட்டாவது ஆள் வரும் வரை

காலை 6.10. மணவாள நகரிலிருந்து தேர்வாய் கண்டிகைப் பக்கம் போக வேண்டும். இரண்டும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலை நம்பினால் திருவள்ளூரில் ஏறி, பேசின் பிரிட்ஜ் வரை போய், அங்கே வேறு வண்டி பிடித்து மறுபடி வடக்கே வர வேண்டும். இந்த மாவட்டத்துக்கு எல்லை போட்டவர்கள் ரயிலில் போனவர்களாக இருக்க முடியாது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது 9.05. ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய்.

"கம்பெனிக்கா, ஊருக்கா?" என்றார் ஓட்டுநர்.

"ஊருக்கு."

"ஊருக்குன்னா ஆள் சேரணும்மா. கொஞ்சம் குந்துங்க."

அரை மணி நேரம் குந்தினேன்.

என்னை வரச் சொன்னவள் விஜயா, என் சித்தி மகள். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழுவுக்குத் தலைவி. கடன் கொடுப்பதற்கு முன் குழுவின் நோட்டுகளைப் பார்க்க அன்று வங்கி அதிகாரி வருகிறார். "வந்து பாருக்கா, எப்படி நடத்தறோம்னு" என்று ஒரு வாரமாகப் பெருமையடித்திருந்தாள்.

கடன் யாரைவிடவும் காஞ்சனாவுக்குத்தான் தேவை. வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு வரும் திங்கள் முதல் தினம் நானூறு சப்பாத்தி கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். கையால் பிசைந்து மாளாது. மாவு பிசையும் மெஷின் முப்பத்தெட்டாயிரம். திங்களன்று சப்பாத்தி போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். தினமும் வந்து வட்டியோடு வசூலிக்கும் தண்டலுக்கு வாங்கலாம்தான். அப்படி வாங்கி அவள் கணவரின் ஆட்டோ போனது ஊருக்கே தெரியும்.

11 மணிக்கு அதிகாரி வந்தார். குழுக் கட்டடத்தில் ஏழு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மான நோட்டைப் புரட்டினார். அன்றைய தேதியிட்ட பக்கத்தில் பன்னிரண்டு கையெழுத்து. அடுத்த பக்கத்தையும் புரட்டினார்.

"இன்னும் வராத செவ்வாய்க்கிழமைக்கும் எல்லாரும் வந்துட்டீங்களேம்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேர் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். வாராவாரம் அவர்களைத் துரத்துவது பேஜாரு என்று, மாதத்தின் முதல் செவ்வாயிலேயே எல்லா வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவது இவர்கள் வழக்கம். விஜயா அதை மறைக்காமல் சொன்னாள்.

"கையெழுத்துக்கு மேல வெள்ளையா இருக்கு. இதுல யார் என்ன வேணா எழுதலாம். எழுதினா, நீங்க ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்" என்றார் அதிகாரி. அந்தப் பக்கங்களைக் குறுக்கே அடித்தார். நான்கு கூட்டம் ஒழுங்காக நடத்துங்கள், அடுத்த மாதம் வருகிறேன் என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

காஞ்சனா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயாவுக்கு வேறு யோசனை வந்தது. குழுவின் சொந்தச் சேமிப்பில் நாற்பத்தெட்டாயிரம் இருக்கிறது. அதிலிருந்து கொடுக்கலாம். ஆனால் குறைந்தது எட்டுப் பேர் நேரில் இருந்து சம்மதிக்க வேண்டும் என்பது அவர்களே போட்ட விதி. இருந்தது ஏழு.

"ஷிப்டுக்குப் போன ஜோதி ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ பேர நாமளே போட்டுக்கலாம்" என்றாள் விஜயா.

நானும் சும்மா இருக்கவில்லை. "போட்டுவிடுங்களேன், ஒரு கையெழுத்துதானே" என்றேன். மூன்று மணி ரயிலைப் பிடிக்கும் அவசரம் எனக்கு.

காஞ்சனாதான் தடுத்தாள். "வேணாக்கா. இப்பத்தான் அதுக்கு வாங்கிக் கட்டிக்கினோம். மத்த நாலு பேருக்கும் ஓவர்டைம். ரெண்டரைக்குக் கம்பெனி பஸ்ஸு வரும், ஜோதி எறங்குவா. கேட்டுக்கலாம்."

காத்திருந்தோம். என் ரயில் போனது. எரிச்சலாகத்தான் இருந்தது.

2.40க்குப் பேருந்து வந்தது. நீலச் சீருடையோடு, தூக்கம் சொக்கும் கண்களோடு ஜோதி இறங்கினாள். விஜயா விஷயத்தைச் சொன்னாள்.

"முடியாதுக்கா" என்றாள் ஜோதி. "எனக்குப் பதினைஞ்சாயிரம் வோணும். பொண்ணுக்கு நர்சிங் பீஸு வெள்ளிக்கெழம கட்டணும். இன்னிக்குக் கேக்கலாம்னுதான் வந்துக்கினு இருந்தேன்."

விஜயாவின் முகம் தொங்கிவிட்டது. இரண்டையும் கூட்டினால் ஐம்பத்து மூன்று. இருப்பது நாற்பத்தெட்டு. ஜோதி பாயில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுதும் குடித்தாள். பிறகு காஞ்சனாவிடம் திரும்பினாள்.

"நீ முப்பத்து மூணு எடுத்துக்க. மீதி அஞ்ச தவணையில வாங்கிக்கச் சொல்லி கடைக்காரர்கிட்ட நான் வந்து பேசறேன். இன்னா சொல்ற?"

காஞ்சனா தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற நான்கு பேருக்கு நேரே 'வரவில்லை' என்று விஜயா எழுதினாள்.

என் பேச்சைக் கேட்டிருந்தால் ஜோதி இறங்கும்போது பத்தாயிரம்தான் மிஞ்சியிருக்கும். அதற்கு அவளே சம்மதித்ததாக நோட்டும் சொல்லியிருக்கும். வெட்கமாக இருந்தது. அவளிடமே சொல்லிவிட்டேன்.

"வுடுங்கக்கா. நாலு வாரத்துக்கும் சேத்துப் போட்டவளே நான்தான" என்று சிரித்தாள்.

4.20 ரயில். மணவாள நகர் வந்து சேர்ந்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வாசலிலேயே நோட்டும் பேனாவுமாக நின்றார். "லிஃப்ட் கூட்டம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு மேடம். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

இரண்டு வருடமாக இப்படித்தான் நின்றபடியே போட்டுக்கொடுக்கிறேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு, காவலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

"இன்னா மேடம், படிக்கவா போறீங்க?" என்றார் செயலாளர்.

"ஆமாம்" என்றேன்.