கழுகுக்கு மீன் வீசுகிறவன்

திலாப்பியா மீனின் வாயைக் கட்டைவிரலால் பிளந்து, நெட்டி மாதிரி லேசான ஒரு கட்டைத் துண்டை உள்ளே திணிக்கிறான் பர்சலோய். அப்போதுதான் செத்த மீன் மிதக்கும். பிறகு இரண்டு விரல்களை வாயில் வைத்து நீளமாக ஒரு சீழ்க்கை. தூரத்து மரத்தில் இருக்கும் மீன்கழுகு தலையைத் திருப்புகிறது.

"கேமரா ரெடியா சார்? ரெண்டாவது மீன் கிடையாது. அவன் தப்பு பண்ணமாட்டான், நீங்கதான் பண்ணுவீங்க."

மீன் பறக்கிறது, கழுகு இறங்குகிறது, கேமராக்கள் படபடக்கின்றன. கென்யாவில் எங்கள் பரிங்கோ ஏரிக்குப் படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் படகில்தான் ஏறுவார்கள். நான் முன்பக்கம் உட்கார்ந்து நீர்யானை வருகிறதா என்று பார்க்கிறவன். பர்சலோய் என் தங்கை நாமுன்யாக்கின் புருஷன். படகு இருவருக்கும் பொது, வாய் மட்டும் அவனுடையது.

கொளுத்தும் வெயிலிலும் கம்பளிக் குல்லாயைக் கழற்றமாட்டான். நீர்யானைக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருக்கிறான். "பெரியப்பா தூங்குறாரு, யாரும் தும்மிடாதீங்க." பாறைமேட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாலைவன ரோஜாவைக் காட்டும்போது, "இலையே இல்லாம வெறும் பூ. எங்க கவுன்சிலர் பேச்சு மாதிரி" என்பான். அவர்கள் சிரித்துக்கொண்டே பூவைப் படம் எடுப்பார்கள். நானும் தினமும் கேட்டுவிட்டுத் தினமும் சிரிக்கிறேன், என்ன செய்வது.

இவ்வளவு பேசுகிறவன் ஒரே ஓர் இடத்தில் வாயை மூடிக்கொள்வான். ஏரி ஏறி வந்து எங்கள் ஊரை எடுத்துக்கொண்டது. வீடு, ஆட்டுப்பட்டி, தேவாலயத்துக்குப் போகிற பாதை எல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில். அவன் வீட்டு முற்றத்தில் ஒரு வேலமரம் நின்றது. காய்ச்சலில் போன அவனுடைய நான்கு வயது மகள் நைசுலாவை அதன் அடியில்தான் புதைத்தோம். தண்ணீர் பட்டியைத் தொட்டபோதே, பிள்ளையை எடுத்து மேட்டில் வைத்துவிடலாம் என்று சொன்னேன்.

"தூங்குற பிள்ளைய எழுப்பாத மச்சான். தண்ணி வந்த மாதிரியே போயிரும்" என்றான். தண்ணீர் போகவில்லை. என் தங்கை அதை இன்னும் மன்னிக்கவில்லை.

மரம் தண்ணீரில் நின்றபடியே பட்டுப்போனது. எந்தக் கழுகுக்கும் அப்படிப்பட்ட மொட்டைக் கிளைதான் பிடிக்கும். அதனால் அவன் தினமும் மீன் வீச வேண்டிய இடமும் அதுவாகிவிட்டது. மரம் கண்ணில் பட்டதும் இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பை எடுப்பான். பிள்ளையின் தலைக்குமேல் இன்ஜின் ஓட்டமாட்டான். வந்தவர்கள் கழுகுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள். மற்ற படகுக்காரர்களும் அங்கே துடுப்புதான் போட்டார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

போன மழையில் மரம் விழுந்து எங்கோ அடித்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் போனபோது ஒரே செம்மண் தண்ணீர். "இங்கதான் மச்சான்" என்று நீளக் கழியை இறக்கினான். கழி தரையைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய், "இல்ல, இங்க" என்றான். இன்னும் தள்ளிப் போனோம். அதற்குப் பிறகு கழியை இழுத்துப் படகுக்குள் போட்டுவிட்டான்.

அன்றிலிருந்து ஏற்கெனவே வந்துபோனவர்கள் யாராவது திரும்பி வந்தால் பழைய படங்களைக் காட்டச் சொல்கிறான். மரமும் பின்னால் பாறைமேடும் சேர்ந்து ஒரு படத்தில் இருந்தால் இடத்தைப் பிடித்துவிடலாம் என்று அவன் கணக்கு. வருடாவருடம் வரும் ஒரு பெரியவர் மடிக்கணினியையே திறந்து வைத்தார். கழுகின் இறகு இறகாகத் தெரிந்தது. நகத்திலிருந்து சொட்டும் நீர்கூடத் தெரிந்தது. பின்னால் எல்லாம் சாம்பல் நிறப் புகை மாதிரி மங்கல்.

"மரம் இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையா சார்?"

"மரம் உள்ள வந்தா படம் கெட்டுடும்பா. வந்தாலும் வெட்டிடுவேன்."

"ஆமா சார். நல்லா இருக்காது" என்று தலையாட்டினான். அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அவர்மேல் தப்பும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். நாமுன்யாக் அவன் தட்டில் உகாலிக் களி வைத்தபடி கேட்டாள்.

"இன்னிக்கு அவ பக்கம் போனீங்களா?"

"போனேன்."

"மரம் இல்லாம இடம் தெரியுதா?"

"என் வீட்டு வாசல் எனக்குத் தெரியாதா?"

நான் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கழுகு வேறு மரத்துக்கு மாறிவிட்டது. அவனும் மீனின் வாயில் கட்டையைத் திணித்துக்கொண்டுதான் இருக்கிறான். இன்று காலை நான்கு பேர் ஏறினார்கள். இன்ஜினைக் கிளப்பிக் கரையைவிட்டுக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், அணைத்துவிட்டான்.

"என்னப்பா, பெட்ரோல் இல்லையா? நல்ல வெளிச்சம் போயிடுமே."

"மெதுவாப் போலாம் சார்."

கழுகு இருக்கும் மரம் ஏரியின் அந்தக் கோடியில் இருந்தது. ஒரு துடுப்பை என் கையில் கொடுத்தான். இன்னொன்றை எடுத்து, சத்தம் வராமல் தண்ணீரில் இறக்கினான்.