சாறனோடு தைத்த கல்யாணப் போர்வை

கிண்ணியாவில் ஸல்ஹா தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குப் பெரிய மதிப்பு இருந்தது. தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை இணைத்து மேல்புறம், நடுவில் பழைய சேலை, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துக் கையாலேயே நூலோட்டம் போடுவாள். துணிக்குத் தட்டுப்பாடாயிருந்த எழுபத்து நாலாம் ஆண்டில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

அந்த ஆண்டுதான் வலக்கைச் சுட்டுவிரல் அவளோடு கோபித்துக்கொண்டது. காலையில் மடங்கியே கிடக்கும். இடக்கையால் பிடித்து நிமிர்த்தினால் 'டக்'கென்று விரியும். கண்ணில் தண்ணீர் வரும். நல்லெண்ணெய் தடவினாள். உப்பு ஒத்தடம் கொடுத்தாள். பிறகு விரலுக்கு நல்ல ஏச்சும் கொடுத்தாள். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையின் காதுக்குள் விரல் அப்படியே பூட்டிக்கொண்டது. இழுத்தும் வரவில்லை. கோப்பையோடேயே மருந்துச்சாலைக்கு நடந்தாள்.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போத்திக்கரி சோமசேகரம் முகம் மலர்ந்தார். "அட, எனக்குத் தேத்தண்ணியோ?"

"இல்ல ஐயா, விரல்."

சவர்க்கார நுரை பூசிக் கோப்பையை விடுவித்தார். "விரலை மடக்கிற நார் வீங்கியிருக்கு. மூண்டு கிழமைக்கு ஊசியைத் தொடாதேங்கோ."

"பத்து நாளையில தோப்பூர்க் கல்யாணத்துக்குப் போர்வை குடுக்கணுமே!"

"ஏன், வீட்டில வேற விரல் இல்லையோ?"

மேசை லாச்சியைக் கிளறி ஒரு ஐஸ்பழக் குச்சியை எடுத்து விரலோடு வைத்துக் கட்டினார். குச்சியில் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை.

இப்போது விரல் எதிரே வருபவரையெல்லாம் காட்டியது. வழியில் மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "சூடையா, பாரையா?" என்றார். வெட்கத்தில் அரை றாத்தல் சூடை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் வேறு விரல்கள் என்றால் புருஷன் அபூதாஹிருடைய பத்துத்தான். அவர் கிழிந்த கரைவலைகளைப் பொத்துகிறவர். "வலையென்ன, போர்வையென்ன? ரெண்டும் நூல்தானே புள்ள."

"வலையில ஓட்டை இரிக்கணும். போர்வையில இரிக்கப்படாது."

முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சுப் போட்டார். அத்தனையையும் அவிழ்த்தார்கள். பிறகு கை பழகியது. பாயில் சம்மணம் போட்டு, போர்வையை மடியில் குவித்து, தன்னை மறந்து தைத்தார். ஒன்பதாம் நாள் பின்னேரம் கடைசி ஓரமும் முடிகிற நேரம், மணப்பெண்ணின் தாய் பல்கீஸ் தங்கையோடு வந்து வாசல் படலையில் ஸலாம் சொன்னாள்.

பெண்கள் வந்தால் வீட்டு ஆண் பின்வளவுக்குப் போய்விடுவதுதான் அங்கே வழக்கம். அபூதாஹிர் எழும்பினார். போர்வையும் எழும்பியது. சட்டென்று குந்திக்கொண்டார். ஒரு முழ நீளத்துக்கு இடுப்பில் கட்டியிருந்த சாறனையும் சேர்த்துத் தைத்திருந்தார், நல்ல நேராக.

"காக்காவுக்குச் சுகமில்லையா, ராத்தா?" என்று, குந்தியிருந்தவரைப் பார்த்துவிட்டு ஸல்ஹாவிடம் கேட்டாள் பல்கீஸ்.

"முதுகு பிடிச்சிரிக்கு," என்றாள் ஸல்ஹா. வாய் முதுகைச் சொல்ல, குச்சி கட்டிய விரல் தையலையே காட்டிக்கொண்டு நின்றது. இருவரும் விரல் போன வழியே பார்த்தார்கள். தங்கைதான் முதலில் சிரித்தாள்.

"சாறனும் சேர்த்தா தாறீங்க? மாப்பிள்ளைக்கு அளவு சரி வருமா?" என்றாள் தங்கை.

அபூதாஹிர் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

வந்தவர்கள் குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று சிரித்தார்கள். தையலைப் பிரிக்க நேரமில்லாமல் ஸல்ஹா இடக்கையில் கத்தரிக்கோலைப் பிடித்துத் தையலைச் சுற்றிச் சாறனை வெட்டினாள். அவர் மூச்சையே விடவில்லை. சாறனில் ஒரு ஜன்னல் விழுந்தது. போர்வை ஓரத்தில் நீலக் கட்டத் துண்டொன்று தங்கிவிட்டது. "அது கிடக்கட்டும்," என்று பல்கீஸ் பிரிக்க விடவில்லை. கல்யாணத்தன்று சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றிச் சாப்பிடக் குந்திய ஆண்கள் எல்லாரும் முதலில் அபூதாஹிருடைய சாறனைத்தான் பார்த்தார்கள். நல்லவேளை, புதுசு கட்டியிருந்தார்.

மூன்று கிழமையில் குச்சி கழன்றது. விரல் முழுதாய் அடங்கவில்லை. பனிக்காலத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறிய பிறகுதான் வேலைக்கு வரும். அரை மணிக்கு ஒரு தடவை ஸல்ஹா அதற்கு ஓய்வு கொடுத்தாள். பாதிப் போர்வைகளில் நீள நூலோட்டமெல்லாம் அபூதாஹிர் பொறுப்பு. மடியில் பலகை வைத்துத்தான் தைக்கவேண்டும் என்று சட்டமும் போட்டாள். வாங்க வருகிறவர்கள், "ராத்தா தைச்சதா, காக்கா தைச்சதா?" என்று கேட்டுவிட்டு, ராத்தா தைத்ததையே எடுத்துக்கொண்டு போனார்கள்.