சலூன்காரர் ஊசிக்குக் கை நீட்டிய கதை

சலூன்காரரின் நாற்காலியில் உட்கார்ந்த எவரும் பாதியில் எழுந்து ஓடியதில்லை. அவரோ டயாலிசிஸ் கட்டிலிலிருந்து இரண்டு முறை ஓடியவர்.

காலமெல்லாம் பிறர் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைத்த அவருக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். அதுவரை கழுத்தில் பொருத்திய குழாய் வழியே அவர் ரத்தம் சுத்தமாகி வந்தது. குழாயில் சீழ் பிடித்ததால் மருத்துவர் அதைக் கழற்றிவிட்டார். இனி, கையில் அறுவை செய்து தடிக்க வைத்த ரத்தக்குழாயில் ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசிகள் ஏற வேண்டும். ஓடியதன் பலனாகக் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்றாம் முறை அவர் மனைவி உடன் வந்து, கணவரின் செருப்பைத் தம் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலருகே அமர்ந்தார்.

பக்கத்துக் கட்டில் என்னுடையது.

சிஸ்டர், ஊசி ஏறாத அவரது மறு கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஐஸ் கட்டியால் தேய்த்தார். "இப்படித் தேய்ச்சா வலி கொஞ்சம் குறையும்ணே."

"வலி குறையும் சிஸ்டர். பயத்துக்கு எங்க தேய்ப்பீங்க?"

"சரி, இருமுங்க. இருமுற நேரத்துல குத்திடுறேன்."

இருமினார், இருமிக்கொண்டே கையையும் இழுத்துக்கொண்டார்.

"அப்ப டிவியைப் பாருங்க."

"இது நம்ம டிரிக்கு சிஸ்டர்! மீசை ஒதுக்குறப்ப 'பையன் எங்க படிக்கிறான்'னு கேப்பேன். என்கிட்டயேவா?"

"தொழில் ரகசியத்தை எல்லாம் அவுத்து விடாதீங்க, மானம் போகுது" என்றார் மனைவி.

அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டேன். அதே கேள்வியை என்னிடமும் கேட்டவர் இவர். எனக்குப் பையனே இல்லை. அதைச் சொல்லத் தலையசைத்தேன். மீசையின் இடது பாதி போயிற்று. மறுநாள் எடுத்த படம்தான் என் அடையாள அட்டையில் இன்றும் உள்ளது. அட்டையை எடுத்து நீட்டினேன்.

"இது உங்க கைவேலைதானே?"

"தலையை ஆட்டினது யாரு சார்?"

"கேள்வி கேட்டது யாரு?"

"கேட்டா வாயால பதில் சொல்லணும்! பூம்பூம் மாடா நீங்க?"

"மிச்சத்தையும் எடுத்துடவான்னு கேட்டீங்களே, அதுதான் மன்னிப்பா?"

"அது யோசனை சார், யோசனை!"

"ஒண்ணு ஏறிடுச்சுண்ணே" என்றார் சிஸ்டர்.

சலூன்காரர் தம் கையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது உங்க டிரிக்கா சார்?"

"டிரிக்கும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்கு நியாயம் வேணும்."

என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு நம்பினார். "அப்ப ரெண்டாவதும் ஏறுற வரைக்கும் திட்டுங்க. நிறுத்திடாதீங்க."

கேட்டு வாங்கும் திட்டு எனக்கு வரவில்லை. ஊசியோ நெருங்கிவிட்டது. மறு கையில் ஐஸ் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி கைகொடுத்தார்.

"சார் மீசையாவது பாதிதான் போச்சு. என் தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு ஒரு பக்கக் கிருதாவையே காணாம அடிச்சீங்களே?"

"அடியே, அதை ஏன் இங்க… அவருக்குக் காதே ஏற இறங்கத்தான் இருந்துச்சு!"

"ரெண்டும் ஏறிடுச்சு" என்று சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டினார்.

அடுத்த முறை நான் உள்ளே நுழைந்தபோது சலூன்காரர் முன்னதாகவே கட்டிலில் இருந்தார். மனைவி ஐஸ் தேய்த்துக்கொண்டிருக்க, சட்டைக்கையை மடித்துவிட்டுக் கையை நீட்டியபடி சொன்னார்:

"சிஸ்டர், சீக்கிரம் குத்துங்க. சார் படுத்ததும் அவர்கிட்ட எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."